ஒரே பெயரில் எத்தனை பேர்? சீன வீரர்களின் பெயர்களைப் பிரித்தறிவது எப்படி

1998-இல் ஜப்பானின் நகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. பெண்களுக்கான 3,000 மீட்டர் ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் ரிலேயில் சீனா வெள்ளி வென்றது. அந்த அணியில் நான்கு பேர்: சுன் தாந்தான், வாங் சுன்லு, யாங் யாங், யாங் யாங். கடைசிப் பெயர் தவறுதலாக இரண்டு முறை விழுந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர்கள் இரண்டு தனித்தனிப் பெண்கள். ஒருவர் வடகிழக்குச் சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துக்காரர். இன்னொருவர் பக்கத்து ஜிலின் மாகாணத்தின் சாங்சுன் நகரத்துக்காரர்.

ஒரே காலத்தில், ஒரே அணியில் இரண்டு யாங் யாங் இருந்தால் முடிவுப் பலகையில் எப்படிப் போடுவது? சர்வதேச ஸ்கேட்டிங் அமைப்பு பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தது. மூத்தவருக்குப் பெரியவர் என்ற பொருளில் 'எல்', இளையவருக்குச் சின்னவர் என்ற பொருளில் 'எஸ்'. பிறகு மூத்தவரின் எழுத்து 'ஏ' என்று மாறியது. அவர் பிறந்தது ஆகஸ்டில், இளையவர் பிறந்தது செப்டம்பரில் என்பதால் இரண்டு எழுத்தும் மாதங்களைக் குறிப்பதாக அமைந்துவிட்டது. சீன ரசிகர்களுக்கு இந்த எழுத்துகள் எதுவும் தேவைப்படவில்லை. பெரிய யாங் யாங், சின்ன யாங் யாங் என்றே கூப்பிட்டார்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. நகானோவில் 500 மீட்டரிலும் 1,000 மீட்டரிலும் தனிநபர் வெள்ளி வென்றவர் சின்ன யாங் யாங். 2002-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் அதே இரண்டு தூரங்களிலும் தங்கம் வென்றவர் பெரிய யாங் யாங். அதில் 500 மீட்டர் தங்கம்தான் குளிர்கால ஒலிம்பிக்கில் சீனாவின் முதல் தங்கம். 1980-இல் முதன்முதலாகக் கலந்துகொண்டு, 22 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்தது. இந்த இரண்டு பேரையும் ஒருவராக எண்ணினால், ஒரு பெண்ணின் வாழ்நாள் உழைப்பு அப்படியே இன்னொருவர் கணக்கில் போய்விடும்.

சரி, சீனர்களின் பெயர்களில் மட்டும் ஏன் இது அடிக்கடி நடக்கிறது? இதற்கு ஒரே காரணம் கிடையாது. சில சமயம் பெயர் உண்மையிலேயே ஒன்று. சில சமயம் எழுத்து வேறு, உச்சரிப்பு மட்டும் ஒன்று. சில சமயம் உச்சரிப்பும் வேறுதான். நாம் எழுதும் முறையில் அது ஒன்றாகத் தெரிகிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

மூன்றாவதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. சீன மொழியில் ஒரு அசையை எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பதை வைத்துப் பொருள் மாறும். பொதுச் சீன மொழியில் முக்கியமாக நான்கு தொனிகள். முதலாவதில் குரல் உயர்ந்த மட்டத்தில் ஏறாமல் இறங்காமல் நீளும். இரண்டாவதில் கீழிருந்து மேலே ஏறும், நாம் "என்ன?" என்று கேட்கும்போது ஏறுவது போல. மூன்றாவதில் தாழ்ந்துபோய் எழும். நான்காவதில் உயரத்திலிருந்து சட்டென்று இறங்கும். ரோமன் எழுத்தில் சீனத்தை எழுதுவதற்கு 1958-இல் சீன அரசு ஏற்ற முறைக்குப் பின்யின் என்று பெயர். அதில் தொனியைக் காட்ட உயிரெழுத்தின் தலையில் சின்னக் கோடுகள் உண்டு. ஆனால் பாஸ்போர்ட்டிலோ, ஸ்கோர்போர்டிலோ, நாளிதழிலோ அந்தக் கோடுகளை யாரும் போடுவதில்லை. கோடு போனால் தொனி போய்விடும்.

லியூ சியாங் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். விளையாட்டு பார்க்கிறவர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவர் தடை தாண்டும் ஓட்டக்காரர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தை 12.91 வினாடியில் ஓடி, அன்றைய உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வென்றார். 2006-இல் லோசானில் 12.88 வினாடியில் ஓடிப் புதிய சாதனையும் படைத்தார். அப்புறம் 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இன்னொரு லியூ சியாங் வந்தார். இவர் நீச்சல் வீராங்கனை. 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 26.98 வினாடி, உலக சாதனை. அந்தத் தூரத்தை 27 வினாடிக்குள் நீந்திய முதல் பெண் இவர்தான்.

இந்த இருவரின் குடும்பப் பெயர், அதாவது 'லியூ', ஒன்றேதான். 'சியாங்' வேறு. ஓட்டக்காரரின் சியாங் ஏறும் தொனி. அதன் பொருள் சிறகை விரித்து உயரப் பறப்பது. எழுத்தை உற்றுப் பார்த்தால் இடப்பக்கம் ஆட்டைக் குறிக்கும் வடிவம், வலப்பக்கம் இறகைக் குறிக்கும் வடிவம். இறகு பொருளைச் சுட்டுகிறது. ஆடு ஓசைக்காக நிற்கிறது. நீச்சல் வீராங்கனையின் சியாங் சமமாக நீளும் முதல் தொனி. அது ஹூனான் மாகாணத்தில் ஓடும் சியாங் ஆற்றின் பெயர். அந்த எழுத்தின் இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள். சீனர் ஒருவருக்கு இந்த இரண்டு பெயர்களும் கேட்கும்போதும் வேறு, பார்க்கும்போதும் வேறு.

மூன்றாவதாக ஒரு லியூ சியாங்கும் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில், ஹான் வம்ச அரசவையில் இருந்த அறிஞர். அரண்மனை நூலகத்தின் சுவடிகளைத் திரட்டி, ஒப்பிட்டு, அட்டவணைப்படுத்தியவர். பழைய சீன நூல்கள் பல இன்றைக்குக் கிடைக்கும் வடிவம் அவர் கைபட்டுத்தான் வந்தது. அவருடைய சியாங் இறங்கும் நான்காம் தொனி. ஆக மூன்று மனிதர்கள், மூன்று எழுத்துகள், மூன்று தொனிகள். தமிழில் எழுதினால் மூவரும் லியூ சியாங்.

இதே வகையில் இன்னும் சிலர் உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் யாங் வெய் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆல்ரவுண்ட், அதாவது எல்லாக் கருவிகளையும் சேர்த்துப் பார்க்கும் பிரிவில் தங்கம் வென்றவர். பேட்மிண்டன் வீராங்கனை யாங் வெய் 2004 ஏதென்ஸில் ஜாங் ஜியேவெனுடன் சேர்ந்து பெண்கள் இரட்டையர் தங்கம் வென்றவர். முதலாமவரின் வெய் முதல் தொனி, இரண்டாமவருடையது இரண்டாம் தொனி. லி சியாவ்பெங் என்ற பெயரிலும் இருவர்: ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் ஒருவர், 2021 டிசம்பரில் சீன ஆண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டவர் இன்னொருவர். முன்னவரின் 'சியாவ்' சிறியது என்று பொருள்படும், பின்னவருடையது வானம்.

அடுத்த வகையில் தொனியும் ஒன்றாகவே இருக்கும், எழுத்து மட்டும் மாறும். நாம் முதலில் பார்த்த யாங் யாங்குகள் இந்த வகைதான். காதால் கேட்டு அவர்களைப் பிரிக்கவே முடியாது. எழுத்தில் பிரிக்கலாம். இருவரின் குடும்பப் பெயரும் மரத்தைக் குறிக்கும் வடிவத்தை இடப்பக்கம் கொண்ட அதே 'யாங்'. பெரிய யாங் யாங்கின் சொந்தப் பெயரில் வலப்பக்கம் அப்படியே இருக்கிறது, இடப்பக்கம் மட்டும் மரத்துக்குப் பதிலாகக் கை வருகிறது. உயர்த்துவது, வீசிப் பறக்கவிடுவது என்று பொருள். சின்ன யாங் யாங்கின் சொந்தப் பெயரில் வலப்பக்கம் சூரியன். இன்னொரு செய்தி: 1987, 1989 இரண்டு உலகப் போட்டிகளிலும் ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்ற பேட்மிண்டன் வீரர் யாங் யாங், எழுத்துக்கு எழுத்து சின்ன யாங் யாங்கின் பெயர்க்காரர்.

ஒரே ஓசைக்கு இத்தனை எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன? பொதுச் சீன மொழியில் தொனியைக் கணக்கில் எடுக்காவிட்டால் மொத்தம் சுமார் 400 அசைகள்தான். தொனியைச் சேர்த்தால் 1,200-க்குக் கொஞ்சம் மேலே வரும். ஆனால் பொதுப் பயன்பாட்டுக்கென 2013-இல் சீன அரசு வெளியிட்ட அட்டவணையில் 8,105 எழுத்துகள் இருக்கின்றன. ஆகவே ஓர் ஓசையைப் பல எழுத்துகள் பங்குபோட்டுக்கொண்டே ஆக வேண்டும். பெற்றோர் பெயர் தேடும்போது அந்த எழுத்துகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரோமன் எழுத்துக்கு மாறிய அந்த நொடியில் அவ்வளவு யோசனையும் கண்ணில் படாமல் போய்விடுகிறது. எனக்கு இந்த இடம்தான் மிகவும் வருத்தம் தருவது.

இனி முதல் வகை. எழுத்து, தொனி எல்லாமே ஒன்று, ஆள் மட்டும் வேறு. இதற்குப் பெரிய உதாரணம் லி நா.

2011-இல் பிரெஞ்ச் ஓப்பன், 2014-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்ற டென்னிஸ் வீராங்கனை லி நாவை உலகம் அறியும். 1982-இல் ஊஹானில் பிறந்தவர்; கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆசிய நாட்டு வீராங்கனை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 10 மீட்டர் மேடையிலிருந்து குதிக்கும் இணை டைவிங்கில் சாங் சுவேயுடன் தங்கமும், தனிநபர் பிரிவில் வெள்ளியும் வென்றவர் இன்னொரு லி நா. 2002-இல் கெய்ரின் என்னும் சைக்கிள் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனவர் வேறொரு லி நா. வாள் சண்டையில் எப்பே பிரிவில் 2000-இல் குழு வெண்கலமும், 2012 லண்டனில் குழுத் தங்கமும் வென்றவர் நான்காவது லி நா. விளையாட்டுக்கு வெளியே, 1990-களில் சீனா முழுக்கப் புகழ் பெற்றிருந்த பாடகி லி நாவும் உண்டு. அவர் புகழின் உச்சியில் இருந்தபோதே 1997-இல் பௌத்தத் துறவி ஆகிவிட்டார். லி நா அவருக்கு மேடைப் பெயர். மேடைக்கென்று தேடி எடுத்த பெயரும் இவ்வளவு பரவலான ஒன்றாகவே அமைந்தது.

லி டிங் கதை இன்னும் நெருக்கமானது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் லி டிங் என்ற பெயருக்கு இரண்டு தங்கம் உண்டு. ஒன்று, 10 மீட்டர் மேடை இணை டைவிங்கில் லாவ் லிஷியுடன். மற்றொன்று, டென்னிஸ் பெண்கள் இரட்டையரில் சுன் தியந்தியனுடன். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினின் கொன்சிதா மார்த்தினெஸ் ஜோடியை வீழ்த்தி, ஒலிம்பிக் டென்னிஸில் சீனாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தார்கள். டைவிங் லி டிங் 1987-இல் பிறந்தவர், டென்னிஸ் லி டிங் 1980-இல். பதக்கப் பட்டியலில் பெயரை மட்டும் பார்க்கிறவர், ஒரே பெண் நீச்சல் குளத்திலும் டென்னிஸ் மைதானத்திலும் தங்கம் வென்றிருக்கிறார் என்று நினைத்துவிட எல்லா வாய்ப்பும் உண்டு. இந்த டென்னிஸ் லி டிங் ஆரம்ப காலத்தில் இரட்டையர் ஆட்டத்தில் யாருடன் ஜோடி சேர்ந்தார் தெரியுமா? டென்னிஸ் லி நாவுடன்.

பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று முடிவுகட்டவும் முடியாது. பேட்மிண்டனில் 2012 லண்டனில் கலப்பு இரட்டையர் தங்கமும், 2016 ரியோவில் ஆண்கள் இரட்டையர் தங்கமும் வென்ற ஜாங் நான் ஆண். 2004 ஏதென்ஸில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆல்ரவுண்ட் வெண்கலம் வென்ற ஜாங் நான் பெண். இருவருக்கும் ஒரே எழுத்துகள், இருவரும் பெய்ஜிங்காரர்கள். அதேபோல 2012 ஜூனில் ஷென்ஜோ 9 விண்கலத்தில் சென்று விண்வெளிக்குப் போன முதல் சீனப் பெண் ஆனவர் லியூ யாங். டோக்கியோவிலும் பாரிசிலும் அடுத்தடுத்த ஒலிம்பிக்கில் வளையப் பிரிவில் தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீரரும் லியூ யாங். இருவர் பெயரிலும் கடலைக் குறிக்கும் அதே எழுத்து.

இப்படி அப்பட்டமாக ஒன்றாவதற்குக் காரணம் குடும்பப் பெயர்களின் எண்ணிக்கை. நாட்டின் மக்கள்தொகை 140 கோடி. வாங், லி, ஜாங், லியூ, சென் என்ற ஐந்து குடும்பப் பெயர்களுக்குள்ளேயே அதில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் அடங்கிவிடுகிறார்கள். வாங் பத்துக் கோடி, லி பத்துக் கோடி என்ற கணக்கு. நாட்டிலேயே மிக அதிகம் பேருக்கு உள்ள முழுப்பெயர் ஜாங் வெய். அந்தப் பெயரில் மட்டும் சுமார் 2.9 லட்சம் பேர்.

குடும்பப் பெயரில்தான் தேர்வு கிடையாது, சொந்தப் பெயரிலாவது வேறுபாடு காட்டலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு காலகட்டம் குறுக்கே நிற்கிறது. சீனரின் சொந்தப் பெயர் ஒரு எழுத்தாகவோ இரண்டு எழுத்தாகவோ இருக்கும். பழைய வழக்கத்தில் அண்ணன் தம்பிகளும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும் ஒரே தலைமுறை எழுத்தைப் பகிர்ந்துகொண்டு, இரண்டாவது எழுத்தில் தனித்துத் தெரிவார்கள். அந்த வழக்கம் பல இடங்களில் தளர்ந்த பிறகு, 1970-களின் பிற்பகுதியிலிருந்து 1990-கள் வரை ஒற்றை எழுத்துப் பெயர் வைப்பது பரவலானது. நான் மேலே சொன்ன வீரர்கள் பிறந்த ஆண்டுகளைப் பாருங்கள். பெரும்பாலோர் அந்தக் காலத்தில் பிறந்தவர்கள், பெரும்பாலோருக்கு ஒற்றை எழுத்துப் பெயர். பெண் குழந்தை என்றால் நா, டிங், ஜிங். ஆண் குழந்தை என்றால் வெய், சியாங் என்று ஒரு தலைமுறையே சில எழுத்துகளை விரும்பியது. பெரிய குடும்பப் பெயரும், விருப்பமான ஒற்றை எழுத்தும் சேர்ந்தால் லட்சக்கணக்கில் ஒரே பெயர் வராமல் என்ன செய்யும்?

மூன்று வகையும் ஒரே இடத்தில் கூடும் பெயர் ஒன்றைப் பார்த்துவிடுவோம்: வாங் ஹாவ். டேபிள் டென்னிஸ் வாங் ஹாவ் 2004, 2008, 2012 மூன்று ஒலிம்பிக்கிலும் ஒற்றையர் இறுதிவரை போய் மூன்று முறையும் வெள்ளியோடு திரும்பியவர். குழுப் பிரிவில் இரண்டு தங்கம் உண்டு. செஸ் கிராண்ட்மாஸ்டர் வாங் ஹாவ் 2019-இல் கிராண்ட் ஸ்விஸ் போட்டியை வென்று, உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி வரை போனவர். இந்த இருவர் பெயரும் முழுக்க ஒன்று. நடைப் போட்டி வீரர் வாங் ஹாவ் 2009 பெர்லின் உலகப் போட்டியின் 20 கிலோமீட்டரில் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்த ரஷ்யர் ஊக்கமருந்து விவகாரத்தில் பட்டத்தை இழந்ததும் தங்கம் இவருக்கு வந்தது. இவருக்கு ஓசை அதேதான், எழுத்து வேறு. முதல் இருவரின் ஹாவ் எழுத்தில் இடப்பக்கம் வெண்மையைக் குறிக்கும் வடிவம், இவருடையதில் மூன்று நீர்த்துளிகள், வலப்பக்கம் மூவருக்கும் பொது.

நான்காவது வாங் ஹாவ் பெண். 2012 லண்டனில் சென் ருவோலினுடன் 10 மீட்டர் மேடை இணை டைவிங் தங்கம் வென்றவர். இவரிடம் ஹாவ் முதல் இருவருடையதே, ஆனால் குடும்பப் பெயர் வேறு. மூன்று படுக்கைக் கோடும் ஒரு நெடுங்கோடும் கொண்ட வழக்கமான வாங் எழுத்துக்கு இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள் சேர்ந்த வாங் அது, தொனியும் மாறும். தண்ணீரில் பாயும் வீராங்கனையின் குடும்பப் பெயரிலேயே தண்ணீர்! லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற வாங் ஹாவ் யார் என்று கேட்டால், டேபிள் டென்னிஸ்காரரும் சரியான விடை, இவரும் சரியான விடை.

சீனர்களே பேச்சில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? எழுத்தைப் பிரித்துச் சொல்வார்கள். லி என்றால் "மரம்-பிள்ளை லி", ஏனென்றால் அந்த எழுத்தில் மேலே மரமும் கீழே பிள்ளையும் இருக்கின்றன. ஜாங் என்றால் "வில்-நீளம் ஜாங்" என்பார்கள், அதே ஓசையுள்ள இன்னொரு குடும்பப் பெயர் "நில்-விடியல் ஜாங்". வாங் என்றால் "மூன்று கோட்டு வாங்கா, மூன்று சொட்டுத் தண்ணீர் வாங்கா?" என்று கேட்பார்கள். போனில் பெயர் சொல்லும்போதும், அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போதும் இது அன்றாடம் நடக்கிற விஷயம்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் கூடுதலாகச் சேர்கிறது. தொனி ஏற்கெனவே போய்விட்டது. அதற்கு மேல், நாம் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துத் தமிழாக்குகிறோம். ஒரே ஆளை ஒரு நாளிதழ் ஜாங் என்றும், இன்னொன்று சாங், ஷாங், ஸாங் என்றும் எழுதும். அதே நேரத்தில் சீனத்தில் வெவ்வேறான நான்கைந்து குடும்பப் பெயர்கள் தமிழில் சாங் என்ற ஒன்றுக்குள் போய் அடைந்துகொள்ளும். அப்புறம் பெயரின் வரிசை. சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கின் சட்டையில் யாவ் என்று இருந்தது குடும்பப் பெயர். மேற்கத்திய வழக்கப்படி திருப்பிப் போடும் பட்டியல்களில் லி நா 'நா லி' ஆகிவிடுவார்.

ஆகவே ஒரு சீன வீரரைப் பற்றி எழுதும்போதோ, படம் தேடும்போதோ பெயரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எந்த விளையாட்டு, எந்தப் பிரிவு, பிறந்த ஆண்டு என்ன என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். முடிந்தால் சீன எழுத்தை அப்படியே நகலெடுத்துத் தேடுங்கள். அது படிக்கத் தெரிய வேண்டியதில்லை, ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். லி நா, ஜாங் நான் போல எழுத்தும் ஒன்றாகிவிட்டால் விளையாட்டும் பிறந்த ஆண்டும்தான் கைகொடுக்கும்.

இப்போது பிறக்கிற குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு எழுத்துச் சொந்தப் பெயர்தான் வைக்கிறார்கள். சுவான் ஹொங்சான், ஜெங் சின்வென், பான் ஜான்லெ என்று இன்றைய நட்சத்திரங்களின் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். இதனால் முழுக்க ஒன்றாக வரும் பெயர்கள் குறைகின்றன. ஆனால் அரைகுறையாக ஒத்துப்போகும் பெயர்கள் இருந்துகொண்டுதான் இருக்கும். டென்னிஸில் வாங் சின்யு, வாங் சியு என்று இருவர் ஆடுகிறார்கள். இருவரும் 2001-இல் பிறந்தவர்கள், இருவருக்கும் அதே மூன்று கோட்டு வாங், ஆனால் அக்கா தங்கை அல்ல. 2018 விம்பிள்டனில் ஜூனியர் பெண்கள் இரட்டையர் பட்டத்தை இருவரும் ஜோடியாக வென்றார்கள். ஆட்டத்தைப் பார்க்கும்போது யார் யார் என்று தெரிய வேண்டுமானால் ராக்கெட்டைக் கவனியுங்கள்: இடது கையில் பிடித்திருப்பவர் சியு.